கூரைமேற் கூரை



சரித்திரம் என்ற சொல்லைக் கேட்டவுடன் உங்கள் மனக்கண் முன் அரண்மனைகளும் போர்க்களங்களும் தோன்றும். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அத்துணைப் பெருமை உடையதன்று. அது வீட்டுக் கூரையைப் பற்றியது. கூரை பழுதுற்ற காலத்தில், பழையதைப் பிரித்தெடுத்துவிட்டுப் புதியது வேய்வதா, அன்றிப் பழையதன்மேலேயே புதியதைப் பரப்பிவிடுவதா? கேள்வி சிறியது. ஆனால் இக்கேள்விக்கு விடை காணும் முயற்சியில் நகரங்கள் எரிந்துள்ளன, சட்டங்கள் பிறந்துள்ளன, ஒரு தலைமுறை மிச்சம் பிடித்த செலவை மற்றொரு தலைமுறை வட்டியோடு கொடுத்திருக்கிறது.

இக்கேள்வி எனக்கு நூலிலிருந்து வந்ததன்று. நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய பள்ளி ஒன்றில் 'மெட்ராஸ் டெரஸ்' என்று வழங்கும் பழைய தளம் போட்ட கட்டடம் ஒன்று இருந்தது. தேக்கு உத்திரங்களின்மேல் செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்திட்டு நெருக்கமாக நிறுத்திக் கட்டி, அதன்மேல் செங்கற்சல்லி கலந்த சுண்ணாம்புக் காரை இட்டு, எல்லாவற்றுக்கும் மேலாகத் தட்டோடு பதித்த தளம் அது. ஐப்பசி மழையில் ஒழுகத் தொடங்கியது. கையிலிருந்த பணமோ சிறிது. பழைய தட்டோட்டின்மேலேயே சாந்து பரப்பிப் புதிய தட்டோடு பதிக்க நான் ஒப்புதல் அளித்தேன். ஒழுக்கு நின்றது. நானும் மகிழ்ந்தேன்.

நான்கு ஆண்டுகள் சென்றபின், கோடை விடுமுறையில் வெள்ளையடிக்க வந்த முதிய கொத்தனார் ஒருவர், உத்திரம் சுவரில் நுழையும் இடத்தைத் தம் கரண்டிக் காம்பினால் தட்டிப் பார்த்தார். ஓசை அவருக்குப் பிடிக்கவில்லை. "ஐயா, மேலே ஒழுகவில்லை என்பது மெய்தான். ஆனால் உத்திரம் சுவருக்குள்ளே உளுத்துப் போயிருக்கிறது. மேலே எத்தனை அடுக்குத் தட்டோடு கிடக்கிறது என்று எண்ணிப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். தளத்தின் ஓரத்தை உடைத்து எண்ணினோம். மூன்று அடுக்குகள் இருந்தன. கட்டியவர் இட்டது ஒன்று; எனக்கு முன்னிருந்தவர் இட்டது ஒன்று; நான் இட்டது ஒன்று. அவ்வறையில் நாள்தோறும் நாற்பது பிள்ளைகள் அமர்ந்து பாடம் படித்து வந்தார்கள். அன்று மாலையே அவ்வறையைப் பூட்டிச் சாவியை என் மேசைக்குள் வைத்தேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, இந்தக் 'கூரைமேற் கூரை' வழக்கத்தை ஒரு நாடு முழுவதுமே கைக்கொண்டு, அதன் நன்மையையும் தீமையையும் கண்டறிந்து, இறுதியில் சட்டத்தால் அதற்கு வரம்பு கட்டிய வரலாற்றைப் படித்தேன். அந்நாடு அமெரிக்க ஐக்கிய நாடு. அவ்வரலாற்றையே உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்க வீடுகளின் கூரையை மூடும் பொருளுக்குச் 'சிங்கிள்' என்று பெயர். தொடக்கத்தில் அது மெல்லிய மரச்சில்லு. நம் நாட்டு ஓட்டைப் போலவே, இறவாரத்திலிருந்து முகடு வரையில் வரிசை வரிசையாக அதனை வேய்வார்கள். ஒரு வரிசையின் இடைவெளியை அடுத்த வரிசை மூடும். 16 அங்குல நீளமுள்ள ஒரு சில்லில் ஏறத்தாழ 5 அங்குலம் மட்டுமே வெளியே தெரியும். எஞ்சியது மேல்வரிசைகளின் அடியில் மறைந்திருக்கும். ஆதலால் நன்கு வேய்ந்த கூரையில் எந்த இடத்தைத் தொட்டாலும் அங்கே மூன்று சில்லுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். மேற்சில்லு ஒன்று வெடித்தாலும் கீழுள்ளது நீரைத் தடுக்கும். இச்சில்லுகளை முழுப் பலகைத் தளத்தின்மேல் அடிப்பதைவிட, இடைவெளி விட்டு அறைந்த ரீப்பர்ச் சட்டங்களின்மேல் அடிப்பதே பழைய வழக்கம். நனைந்த மரம் அடியிலிருந்தும் காற்றுப் பெற்று விரைவில் உலரும் என்பதே அதன் காரணம். இந்த இடைவெளியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இது வேறொரு வேலையைச் செய்யப்போகிறது.

மரச்சில்லு தீப்பற்றும் பொருளாயிற்றே, அதனை ஏன் கூரைக்குத் தேர்ந்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடை காண இங்கிலாந்துக்குச் செல்ல வேண்டும். 1212-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இலண்டன் நகரில் பெருந்தீ மூண்டது. அக்காலத்து வீடுகளிற் பல நாணலாலும் வைக்கோலாலும் வேயப்பட்டவை. தீ அடங்கியதும் நகர ஆட்சியினர் ஒரு கட்டளை பிறப்பித்தனர். இனி வீடு கட்டுவோர் நாணல், கோரை, வைக்கோல் ஆகியவற்றால் கூரை வேயலாகாது. ஓடு, மரச்சிங்கிள், பலகை, ஈயத்தகடு ஆகியவற்றைக் கொள்ளலாம் என்பது அக்கட்டளை. புல்லையும் வைக்கோலையும் நோக்க, மரச்சில்லு பாதுகாப்பானதாக அன்று கருதப்பட்டது. முன்பே நாணல் வேய்ந்திருந்த வீடுகளை என்ன செய்வது? அவற்றின்மேல் எட்டு நாட்களுக்குள் சாந்து பூசிவிட வேண்டும் என்றனர். பாருங்கள்! பழைய கூரையைப் பிரிக்காமல் அதன்மேல் தீயைத் தடுக்கும் புதிய அடுக்கொன்றை இடும் யோசனை எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே அரசாங்கக் கட்டளையாக வந்துவிட்டது.

அமெரிக்காவிற் குடியேறிய ஆங்கிலேயர் முதலில் தம் தாய்நாட்டு வழக்கப்படி புல்லால் கூரை வேய்ந்தனர். 1631 மார்ச்சு மாதத்தில் பாஸ்டன் நகரில் புகைபோக்கியிலிருந்து கிளம்பிய தீ புல்கூரையைப் பற்றி வீட்டை அழித்தது. புதிதாக எழுப்பவிருந்த பக்கத்து ஊரில் மரப் புகைபோக்கியும் புல்கூரையும் கூடாவென்று துணை ஆளுநர் தாமஸ் டட்லி அவ்வாண்டிலேயே எழுதினார். மேலும், அந்நாட்டின் கடுங்காற்றுக்கும் பனிக்கும் புல்கூரை ஈடுகொடுக்கவில்லை. ஆனால் காடு பரந்து கிடந்தது. சீடர் மரம், வெள்ளைப் பைன் மரம், தெற்கே சைப்ரஸ் மரம் என்று நேர்நரம்புள்ள மரங்களுக்குக் குறைவில்லை. மரத்தைக் கட்டைகளாக அறுத்து, நீண்ட இரும்பு அலகினை அதன்மேல் வைத்துக் கொட்டாப்புளியால் அடித்துச் சில்லுகளாகப் பிளந்தார்கள். பின்னர் இருகைப் பிடியுள்ள கத்தியால் அவற்றை ஒருமுனை மெலிதாகச் சீவினார்கள். குளிர்காலத்தில் வயல்வேலை இல்லாத உழவர்கள் இத்தொழிலைச் செய்து நாலு காசு ஈட்டினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயந்திர வாள் வந்தபின் சிங்கிள்கள் மலைமலையாகக் குவிந்தன. ஏழைக்கும் எட்டும் விலையில் கிடைத்தன.

பாதுகாப்பின் பொருட்டு ஏற்றுக்கொண்ட பொருளே காலம் மாறியபோது அபாயமாயிற்று. தனித்தனியே நின்ற வீடுகளுக்கு ஏற்ற மரக்கூரை, நெருங்கி எழுந்த நகரங்களுக்கு ஏற்றதாக இல்லை. தீப்பற்றிய மரச்சில்லு தன் இடத்திலேயே எரிந்து அடங்குவதில்லை; எரிகொள்ளியாகிக் காற்றிற் பறந்து அடுத்த கூரையில் விழும். அங்கே அதற்கு மற்றொரு காய்ந்த சில்லு காத்திருக்கும். 1871 அக்டோபர் 8-ஆம் நாள் இரவு சிகாகோ நகரில் மூண்ட தீ 10-ஆம் நாள் வரையில் எரிந்தது. மழை பொய்த்த கோடைக்குப் பின்வந்த காலம். வீடும் மரம், கூரையும் மரம், நடைபாதையும் மரம். ஏறத்தாழ 300 பேர் இறந்தனர். 17,000-க்கு மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. ஏறத்தாழ ஓரிலட்சம் மக்கள் வீடிழந்தனர். அதன்பின் அரை நூற்றாண்டு கழித்து, 1923 செப்டம்பர் 17-ஆம் நாள், கலிபோர்னியாவின் பெர்க்கிலி நகரில் மலைப்புறத்துக் காட்டுத்தீ வறண்ட காற்றின் துணையால் ஊருக்குள் இறங்கியது. மரச்சிங்கிள் கூரைகள் அதனை வீட்டுக்கு வீடு கைமாற்றிக் கொடுத்தன. சில மணி நேரத்தில் ஏறத்தாழ 600 வீடுகள் சாம்பலாயின.

இவற்றை அயல்நாட்டுக் கதைகள் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. 2004 ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக்கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். அதன் பின்னரே தமிழ்நாட்டுப் பள்ளிகளிலிருந்து கீற்றுக்கூரைகளை அகற்றும் ஆணை வந்தது. கூரையைப் பற்றிய சட்டம் எந்நாட்டிலும் சாம்பலின்மேல் எழுதப்படுகிறது. இது மனித குலம் வெட்கப்பட வேண்டிய செய்தி.

அமெரிக்காவுக்குத் திரும்புவோம். மரக்கூரைக்கு மாற்றாக ஒரு புதுப்பொருள் அங்கே உருவாகிக் கொண்டிருந்தது. கந்தைத்துணியிலிருந்து செய்த கனத்த அட்டையை அஸ்பால்ட் என்னும் நிலக்கீலில் தோய்த்து, அதன்மேல் கற்பொடி தூவிச் சுருள்களாக விற்று வந்தனர். மிச்சிகன் மாநிலத்துக் கிராண்டு ராப்பிட்ஸ் நகரில் கூரைத்தொழில் நடத்திய ஹென்றி ரெனால்ட்ஸ் என்பவர் 1903-ஆம் ஆண்டில் அச்சுருளைச் சிறு சிங்கிள்களாக வெட்டினார் என்பர். நிலக்கீல் நீரைத் தடுத்தது. மேலே பதிந்த கற்பொடி வெயிலைத் தடுத்ததோடு, பறந்து வந்து விழும் எரிகொள்ளியையும் ஓரளவு தாங்கியது. தீக்காப்பீட்டு நிறுவனங்களின் தேசிய மன்றம் 1910-களின் நடுவில் மரச்சிங்கிளை ஒழிக்க வேண்டுமென்று நாடெங்கும் பிரசாரம் செய்தது. புதுப்பொருளுக்கு நற்காலம் பிறந்தது.

ஆனால் நாட்டில் அப்போது நின்ற வீடுகளில் இலட்சக்கணக்கானவை மரக்கூரை வீடுகள். அவற்றையெல்லாம் பிரித்து எறிவது எளிதா? இங்கேதான் நம் கேள்வி மீண்டும் எழுகிறது. சிங்கிள் செய்வோர் அதற்கு விடையும் வைத்திருந்தனர். "பழைய மரக்கூரையைப் பிரிக்க வேண்டா, அதன்மேலேயே வேயலாம்" என்பதே 1920-களிலும் 1930-களிலும் அவர்கள் செய்த விளம்பரத்தின் சாரம். அவர்கள் கூறிய காரணங்களை நேர்மையாக எடைபோட்டுப் பார்க்க வேண்டும். பிரிக்கும் கூலி மிச்சம். பழைய சில்லுகளை வண்டியேற்றி அகற்றும் தொல்லை இல்லை. வேலை நடக்கும்போது மழை வந்தால் வீட்டுக்குள் நீர் இறங்காது. பழைய கூரை காவலாக நிற்கும். இரண்டு அடுக்குகள் சேர்ந்து குளிரையும் வெப்பத்தையும் சிறிது தடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, எரியக்கூடிய மரக்கூரை எளிதில் எரியாத மேலாடை ஒன்றைப் பெறும். 1212-இல் இலண்டன் மக்கள் நாணலின்மேற் பூசிய சாந்தை இது நினைவூட்டவில்லையா?

செய்முறையும் முறைப்படி வகுக்கப்பட்டது. சுருண்ட சில்லுகளைப் பிளந்து தட்டையாக அறைவார்கள். நெகிழ்ந்தவற்றுக்கு மேலும் ஆணி இடுவார்கள். இல்லாத இடத்தில் புதுச்சில்லு செருகுவார்கள். மர வரிசைகள் படிக்கட்டுப்போல் ஏறியிறங்கும் ஆதலால், ஒவ்வொரு படியையும் நிரப்ப ஆப்புப்போற் சரிந்த மெல்லிய மரக்கீற்றுகளை அடித்து மேற்பரப்பைச் சமன் செய்வார்கள். அதன்மேல் புதிய சிங்கிளை வைத்து நீண்ட ஆணியால் அறைவார்கள். ஆணி பழைய அடுக்கையும் ஊடுருவி, அடியிலுள்ள நல்ல மரத்தில் முக்கால் அங்குலமாவது இறங்க வேண்டும். பழைய சிங்கிளில் மட்டும் தொங்கும் ஆணி, பெருங்காற்று வீசும் நாளில் கூரையை விட்டுப் போய்விடும். செம்மையாகச் செய்த இத்தகைய கூரைகள் பல ஆண்டுகள் உழைத்தன. பொருளாதார மந்தத்தின்போது, 1934-இல் இயற்றப்பட்ட தேசிய வீட்டுவசதிச் சட்டம், வீடு பழுதுபார்க்க வங்கிகள் தரும் கடனுக்கு அரசாங்கப் பொறுறுதி அளித்தது. கையில் காசில்லாத குடும்பத்தாரும் கடன் பெற்றுத் தம் கூரையைப் புதுப்பிக்க வழி பிறந்தது. முதல் மேலடுக்கைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. வறுமைக் காலத்தில், தீக்கு அஞ்சிய மக்கள், தம் கைக்கு எட்டிய வழியால் தம் குழந்தைகளைக் காத்துக்கொண்டனர்.

இடர் அடுத்த தலைமுறையில் வந்தது. நிலக்கீல் சிங்கிளுக்கும் ஆயுள் உண்டு. இருபது ஆண்டு சென்றதும் கற்பொடி உதிரும், ஓரம் சுருளும். அப்போது வீட்டுக்குரியவர், "தந்தையார் பிரிக்கவில்லை, நான் மட்டும் ஏன் பிரிக்க வேண்டும்?" என்று மூன்றாம் அடுக்கை இட்டார். சில வீடுகளில் நான்காம் அடுக்கும் ஏறியது. மேலேயிருந்து பார்ப்பவர்க்குப் புதுக்கூரை ஒன்றுதான் தெரியும். கீழே நிற்கும் கைமரங்களுக்கோ எல்லா அடுக்கும் தெரியும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கூரைத்தொழிலாளர் 100 சதுர அடியை ஓர் அலகாகக் கொள்வர். எளிய நிலக்கீல் சிங்கிள் 100 சதுர அடிக்கு ஏறத்தாழ 100 கிலோகிராம் எடையுள்ளது. 2,000 சதுர அடிக் கூரைக்கு ஓர் அடுக்கு 2,000 கிலோகிராம். இரண்டு அடுக்கு 4,000 கிலோகிராம். அது வளர்ந்த யானை ஒன்றின் எடை. மூன்றாம் அடுக்கையும் இட்டால் 6,000 கிலோகிராம். அவ்வீட்டின் கைமரங்களோ மெல்லிய மரச்சில்லின் எடையை எண்ணி அளவெடுத்தவை. குளிர்காலத்தில் இவற்றின்மேல் பனியும் குவியும். பனியின் பாரத்தைத் தாங்குவதற்கென்று தச்சர் ஒதுக்கிவைத்த வலிமையை, ஆண்டு முழுவதும் கிடக்கும் பழைய அடுக்குகள் முன்னரே தின்றுவிடும்.

பாரத்தினும் கொடியது மறைவு. புகைபோக்கியின் ஓரத்திலும் இரண்டு சரிவுகள் கூடும் பள்ளத்திலும் சிறிது நீர் கசிந்து பலகை உளுத்திருந்தால், பழைய கூரையைப் பிரிப்பவர் கண்ணில் அது உடனே படும். மேலே வேய்பவர் அதன்மேலும் ஓர் அடுக்கைப் போட்டு மூடிவிடுவார். ஈரம் உள்ளேயே தங்கும், உளுத்தல் பெருகும். இன்னொன்றும் உண்டு. மரம் உலர்வதற்காக ரீப்பர்களுக்கிடையே விட்ட இடைவெளியை முன்பே சொன்னேனே, அவ்விடைவெளியும் படிக்கட்டுப் பள்ளங்களும் இப்போது காய்ந்த மரம் நிறைந்த மறைவான வெற்றிடமாகிவிட்டன. வெளியிலிருந்து வரும் கொள்ளியை மேலடுக்கு தடுக்கும். வீட்டுக்குள்ளிருந்து எழும் தீயோ அவ்வெற்றிடத்தில் நுழைந்துகொண்டால், தீயணைப்போரின் நீர் அதனை எளிதில் எட்டுவதில்லை. தீக்கு அஞ்சிப் போட்ட மூடியே தீக்கு ஒளிவிடம் ஆயிற்று!

இவ்வனுபவங்களெல்லாம் திரண்டு விதிகளாயின. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த 'பன்னாட்டுக் குடியிருப்பு விதித்தொகுதி' அமெரிக்க மாநிலங்களிற் பெரும்பாலானவற்றில், அவ்வவற்றிற்கேற்ற மாற்றங்களுடன், பின்னர்க் கைக்கொள்ளப்பட்டது. பெயர் பன்னாட்டுக்குரியதாயினும் அதன் பிறப்பும் வழக்கும் பெரிதும் அமெரிக்காவுக்கே உரியவை. கூரைமேற் கூரை இடுவதை அது முற்றிலும் விலக்கிவிடவில்லை. எப்போது கூடாது என்று மட்டும் சொல்கிறது. பழைய கூரை நீரில் ஊறியோ சிதைந்தோ புதியதற்கு அடித்தளமாகும் தகுதி இழந்திருந்தால் கூடாது. பழையது கற்பலகை, சுட்ட ஓடு, சிமெண்டு ஓடு, கல்நார்ச் சிமெண்டு ஓடு ஆகியவற்றில் ஒன்றாயின் கூடாது. முன்பே இரண்டு அடுக்குகள் இருப்பின் மூன்றாவது கூடாது. மரச்சிங்கிளின்மேல் வேய்வதால் எரியக்கூடிய மறைவிடம் உண்டாகுமாயின், இடையே ஜிப்சப் பலகை போன்ற எரியாத பொருளைப் பரப்பிய பின்னரே வேய வேண்டும். இவ்விதிகளின் ஒவ்வொரு வாக்கியத்திற்கும் பின்னால் இடிந்த வீடோ எரிந்த வீடோ இருக்கிறதென்று எண்ணிப் படித்தால், வறண்ட சட்டமும் சரித்திரப் பாடமாகிவிடும்.

இதுகாறும் கூறியவற்றால், பழைய அடுக்கு என்றாலே பகை என்று முடிவு கட்டிவிட வேண்டா. மறுபக்கமும் உண்டு. இங்கிலாந்தின் தென்பகுதியில், சிறப்பாக டெவன் மாவட்டத்தில், வைக்கோல் வேய்ந்த பழைய வீடுகள் இன்றும் உள்ளன. அங்கே கூரை வேய்வோர் உளுத்த மேற்பகுதியை மட்டும் உரித்தெடுப்பர். உறுதியாயுள்ள அடிப்பகுதியை அப்படியே விட்டுவிடுவர். கொண்டை ஊசிபோல் வளைத்த குச்சிகளால் புதிய வைக்கோலை அதன்மேற் பொருத்துவர். இவ்வாறு பல நூற்றாண்டு தொடர்ந்ததால், சில வீடுகளில் எல்லாவற்றுக்கும் அடியிலுள்ள அடுக்கு இடைக்காலத்தில் வேய்ந்தபடியே இருக்கிறது. அது பழமையானது என்று எப்படி அறிந்தார்கள்? அது கரியாகக் கறுத்திருக்கிறது. புகைபோக்கி இல்லாத காலத்தில் கூடத்தின் நடுவே அடுப்பெரித்தனர். புகை கூரையில் தங்கி வைக்கோலைக் கறுக்கச் செய்தது. புகைபோக்கி வந்தபின் இட்ட அடுக்குகளில் அக்கறுப்பு இல்லை.

பழந்தாவர ஆய்வாளர் ஜான் லெட்ஸ் இக்கறுத்த வைக்கோலை ஆராய்ந்து 1999-இல் ஒரு நூல் வெளியிட்டார். கதிரும் மணியும் களைச்செடியும் கெடாமல் அங்கே கிடந்தன. இடைக்கால உழவர் என்னென்ன கோதுமை விதைத்தனர், ஒரே வயலில் எத்தனை வகைகள் கலந்து வளர்ந்தன, தாள் எவ்வளவு உயரம் இருந்தது, அதனூடே எந்தக் களை முளைத்தது என்பவற்றையெல்லாம் அக்கூரைகள் கூறின. ஏட்டில் எழுதப்படாத ஏழை உழவனின் வயல், அவன் வீட்டுக் கூரையில் எழுதப்பட்டிருந்தது. பழையதைப் பிரித்தெறிவதே நன்று என்று எல்லாரும் எண்ணியிருந்தால் அவ்வேடு நமக்குக் கிடைத்திராது.

அப்படியாயின் எதை ஏற்பது? அமெரிக்க வீட்டார் பழையதன்மேல் இட்டதும் ஒரே செயல். டெவன் வீட்டார் இட்டதும் ஒரே செயல். வேறுபாடு செயலில் இல்லை. அதற்கு முன் நிகழ வேண்டிய சோதனையில் இருக்கிறது. டெவன் நாட்டுத் தொழிலாளி ஒவ்வொரு முறையும் கையை விட்டுத் துழாவி, உளுத்ததை உரித்து, உறுதியானதன்மேல் மட்டுமே வேய்ந்தான். அவனுக்குப் பழைய அடுக்கு அடித்தளம். மூன்றாம் அடுக்கை இட்ட அமெரிக்க வீட்டுக்காரர் கீழே பார்க்கவில்லை, பார்க்காமலிருப்பதற்காகவே மூடினார். அவருக்குப் பழைய அடுக்கு ஒரு மறைப்பு.

என் தவறும் அதுவே. பணம் குறைவென்று பழைய தட்டோட்டின்மேல் புதிய தட்டோடு பதித்தது என் குற்றமன்று; ஏணி வைத்து ஏறி அடுக்கை எண்ணாததும், உத்திரத்தின் முனையைத் தட்டிப் பார்க்காததும் என் குற்றம். ஒழுக்கு நின்றவுடன் நோய் தீர்ந்தது என்று நம்பினேன். நல்ல வேளையாக, பிள்ளைகள் விடுமுறையில் இருந்தபோது ஒரு கொத்தனாரின் காது எனக்கு உண்மையைச் சொல்லிற்று. அக்கட்டடத்தின் தளத்தைப் பிரித்து இறக்கியபோது உத்திரங்களில் இரண்டு சுவரோரத்தில் கைப்பட்டவுடனே பொடியாக உதிர்ந்தன. அப்பொடியைப் பார்த்துக்கொண்டு நான் நெடுநேரம் நின்றேன். கொத்தனார் என்னை ஒன்றும் சொல்லவில்லை. "அடுத்ததைப் பார்ப்போம், ஐயா" என்று மட்டும் சொல்லி நகர்ந்தார்.

மாணவர்களே! நாளை உங்களுள் சிலர் பொறியாளர் ஆவீர்கள். சிலர் அலுவலகத் தலைவராவீர்கள். எல்லாரும் ஏதேனும் ஒரு வீட்டுக்குப் பொறுப்பாளர் ஆவீர்கள். ஒழுகும் கூரை உங்கள் முன் வரும். பழைய சட்டத்தின்மேல் புதிய சட்டம், பழைய பாடத்திட்டத்தின்மேல் புதிய பாடத்திட்டம் என்று வேறு உருவங்களிலும் அது வரும். பிரிப்பதற்குக் காலமும் பொருளும் இல்லையென்று அருகிலிருப்போர் சொல்வார்கள். பல வேளைகளில் அவர்கள் சொல்வது உண்மையாகவும் இருக்கும். அப்போது மேலே இடுவதற்கு அஞ்ச வேண்டா. ஆனால் இடுவதற்கு முன் ஒருமுறை ஏணியில் ஏறுங்கள். எத்தனை அடுக்கு இருக்கிறதென்று எண்ணுங்கள். அதன் பின்னர்க் கீழே இறங்கி வந்து, அத்தனையையும் தாங்கி நிற்கும் உத்திரத்தைத் தட்டிப் பாருங்கள். அதனடியில் அமர்ந்திருப்போர் நம்மை நம்பி அமர்ந்திருக்கிறார்கள்.